முகம் மறைக்கும் அளவு வெளிச்சம்

எங்கள் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் நாற்பத்து மூன்று பேர் ஒளிவிட ஆரம்பித்தது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் லாரிக்காக எல்லோரும் குடத்தோடு வரிசையில் நின்றபோது. சிலருடைய தலையைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் ஒரு முழ அகலத்துக்கு இளமஞ்சளாக ஒன்று படர்ந்திருந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள், பார்த்தார்களே தவிர யாரும் வரிசையை விட்டு நகரவில்லை, அதற்குள் லாரி வந்துவிட்டதால் தண்ணீர் பிடித்தார்கள். லாரி வாரத்துக்கு இரண்டு தடவைதான் வரும். ஆச்சரியப்படுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது, மூன்றாம் பிளாக் இரண்டாம் மாடி ஜெசிந்தா அக்கா தானே இறங்கிவந்து சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் கட்டுகிற ஊர்களுக்கு ஒளி போடுவது அவள் தொழில். டிவியில் வருகிற புராணத் தொடர்களில் அரண்மனையும் தெப்பக்குளமும் நிஜமில்லை, அவற்றைக் கட்டுகிறவர்கள் வேறு, சுவருக்குப் பூச்சு கொடுக்கிறவர்கள் வேறு, எல்லாம் முடிந்தபிறகு சுடரைச் சுற்றியும் கிரீடத்தைச் சுற்றியும் அந்தப் படர்ந்த ஒளியைப் போடுவது மட்டும் அக்கா. அதற்கு க்ளோ என்று பேர். வெளிச்சம் வேறு, க்ளோ வேறு என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்: வெளிச்சம் பக்கத்தில் இருப்பதன்மேல் விழும், க்ளோ எதன்மேலும் விழாது, பார்க்கிறவன் கண்ணுக்காகத் தன்னைச் சுற்றித் தானே நிற்கும், பக்கத்துச் சுவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண் போடக்கூடாதென்பது அவளுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் கண்டிப்பு, ஏனென்றால் யாரோ ஒருமுறை பதினான்கை அணைப்பதற்குப் பதில் நாற்பத்தொன்றை அணைத்துவிட, அம்மன் கிரீடம் கரிச்சட்டியாக டிவியில் வந்துவிட்டதாம். மனிதர் பெயரென்றால் கை தவறாது. அதனால் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் வைத்த நாற்பத்து மூன்று அகலுக்கும், ஜன்னல் வழியாகத் தண்ணீர் வரிசையைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் பட்டவர் பெயரையெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் அந்தக் காட்சியைப் பதினோரு மணி நேரம் படமாக வடித்து, செவ்வாய் விடியலில் முடித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, எங்கள் கவலை வேறு: நமக்கு ஏன் இல்லை. சங்கத் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஒளி இல்லை, ஏனென்றால் அவர் எந்த வரிசையிலும் நிற்பதில்லை, அவர் குடத்தை மற்றவர்கள்தான் நிரப்பித் தருவார்கள். அவர் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒளி வந்தவர்களுக்கு ரேஷன் கடையில் வழிவிட்டார்கள், அவர்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட்டார்கள். பத்து வருடமாக யாரும் மதிக்காத ஓர் ஆட்டோக்காரரிடம் திருநீறு வாங்க ஆட்கள் வந்தார்கள், அவரும் கூச்சப்படாமல் கொடுத்தார். கரண்ட் போனபோது ஒளிர்கிறவர் பக்கத்தில் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள், அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை என்று திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்தவன் வீட்டு மாடிப்படியில் ஒளிந்து நின்ற ஒருத்தன் மூன்று பிளாக்குக்கும் பளிச்சென்று தெரிந்துபோனான், அன்றோடு அவன் குடும்பம் ஒழுங்குக்கு வந்தது. இப்படியே ஒரு மாதம் ஓடி எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது.

பழகியபிறகு செய்ததுதான் தப்பு, அதையும் செய்தது நான். என் பெயர் கோதண்டம், நுழைவாசலுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு, ஏகாம்பரம் நாற்பத்து மூன்று பேரையும் கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நிறுத்தி நடுவில் தான் நின்றுகொண்டார். நான் செல்போனில் வீடியோ எடுத்து, பாட்டு சேர்த்து, எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். அவர்களும் அவர்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினார்கள். கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஒளிர்கிற ஒருத்தியை எத்தனை பின்னால் நிறுத்தினாலும் கண் அங்கேதான் போகும்.

அவள் பெயர் தங்கநாயகி. சித்திரையில் தனியாக வந்து இரண்டாம் பிளாக்கில் குடியேறி, பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் போடுகிற ‘ங்க’வை நாங்கள் கிண்டல் செய்வோம், அவளும் சிரிப்பாள், ஊர் எதுவென்று மட்டும் சொல்லமாட்டாள். வீடியோ போய் ஐந்தாம் நாள், நான் ஜெசிந்தா அக்கா வீட்டில் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, தங்கநாயகி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணனுங்க பாத்துட்டாங்கக்கா,” என்றாள். “ஊர்லருந்து சிநேகிதி போன் பண்ணினா. நாளன்னிக்கு வந்துருவாங்க.”

பிறகு அழாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு சாதி லாரி டிரைவர் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாற்பதாம் நாள் அவனைக் கிணற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினால், ஸ்டேஷன்காரர்கள் அண்ணன்களைத்தான் கூப்பிட்டு அவளை ஒப்படைத்திருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டு கழிப்பறையின் பின்சுவர் ஏறிக் குதித்து, கண்ணில் பட்ட ரயிலில் ஏறி இங்கே வந்திருக்கிறாள். அவள் முகம் யாருக்கும் தெரியாத இடம் இது ஒன்றுதான் இருந்தது. அதையும் நான் பாட்டோடு சேர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே ஓடிப்போக வழியில்லை, சொந்தக்காரப் பையன்கள் எக்மோரிலும் கோயம்பேட்டிலும் நிற்பதாகச் சிநேகிதி சொல்லியிருந்தாள். அவள் விளக்கை அணைத்தால் முகம் தெரியும், அணைக்காவிட்டால் எங்கே நின்றாலும் தெரியும். அக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு எதிரே ஒளியின் அளவாக இருந்த ஒன்று என்கிற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுக்கு ஏற்றினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்: முதலில் மூக்கு போயிற்று, பிறகு உதடு, கடைசியாகக் கண். நாற்காலியில் ஒரு பெண் அளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

“ஒருத்திய மட்டும் இப்படி வச்சா ஊரே அவளத்தான் பாக்கும்,” என்றாள் அக்கா. “எல்லாரையும் வச்சா யாரையும் பாக்க முடியாது.”

அன்று சாயங்காலமே கொடிக்கம்பத்தடியில் கூடினோம். அக்கா சொல்லச் சொல்ல ஏகாம்பரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்ப எனக்கும் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றதும் தீர்மானம் நிறைவேறியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் ஒப்புக்கொண்டது பாதி அந்தப் பெண்ணுக்காக, பாதி ஒளிமேல் இருந்த ஆசைக்காக. எது பெரிய பாதி என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. ரேஷன் கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஏகாம்பரம் பெயர் பெயராக வாசிக்க, அக்கா இரண்டு நாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் அடித்தாள். மூன்றாம் நாள் காலை நாங்கள் எல்லோரும் வெள்ளையாக வெளியே வந்தோம், குழந்தைகள், கிழவர்கள், சண்டைக்காரர்கள், கடன்காரர்கள் எல்லோரும், வெயிலில் காயப்போட்ட வேட்டிகள் இறங்கி நடப்பதுபோல.

அண்ணன்கள் வந்தது அன்று பதினோரு மணிக்கு. இரண்டு பேர், சலவைச் சட்டை, வெள்ளைக் கார். பெரியவர் சென்னியப்பன் காரிலிருந்து இறங்கி, ஐந்நூறு வெள்ளை உருவங்களையும் நிதானமாகப் பார்த்தார், பிறகு நேராக ஜெசிந்தா அக்காவை நோக்கி நடந்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: அக்காவின் ரேஷன் கார்டு இன்னமும் ராயபுரத்தில் அவள் அம்மா வீட்டு விலாசத்தில் இருந்தது, ஏகாம்பரம் வாசித்த அடுக்கில் அவள் இல்லை. எல்லோர் பெயரையும் அடித்தவள் தன் பெயரை அடிக்க மறந்துபோனாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவும் இல்லை.

“ஏனுங்க,” என்றார் சென்னியப்பன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “இங்க உங்க மொகம் ஒண்ணுதானுங்க தெரியுது, அதனால உங்ககிட்டத்தான் கேக்கோணும். எங்க தங்கச்சி எங்கீங்க?”

“யாரு எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியல,” என்றாள் அக்கா. “நீங்களே பாத்துக்கங்க.”

“அவசரமில்லீங்க. இருந்து பாத்துக்கறோம்.”

இருந்தார்கள். குடியிருப்புக்கு வாசல் ஒன்றுதான், அதற்கு எதிரே காலியாகக் கிடந்த கறிக்கடையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள், தண்ணீர் லாரி வந்தால் கிழவிகளுக்குக் குடம் தூக்கிவிட்டார்கள், சாயங்காலம் காரைத் துடைத்தார்கள்.

நாங்கள் ஒருவரையொருவர் இருமலாலும் செருப்புச் சத்தத்தாலும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகினோம். தங்கநாயகி மட்டும் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் அவள் ஊர் வெளியே வந்துவிடும், அதனால் அவள் எங்களைக் கடக்கும்போது கையில் இரண்டு தட்டு தட்டுவாள், இருக்கிறேன் என்று அர்த்தம். அக்கா ஒருத்திக்குத்தான் முகம் இருந்தது. என்ன நடந்தாலும் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துப் பேசினோம், அந்த முகம் சிரித்தால் சிரித்தோம், அது ஒன்றைப் பார்த்துத்தான் எங்களுக்கும் முகம் இருப்பது நினைவில் இருந்தது. இப்படி ஒரு மாதம்.

முதலில் போனது குணவதி, என் கடைக்கு மேல்வீடு. அவள் குழந்தைக்கு நாலு மாதம். வெள்ளையாக எதுவோ தன்னைத் தூக்குகிறது என்று அது பால் குடிக்காமல் வீறிட்டு அழும், அக்கா முகத்தைக் கண்டால் மட்டும் அடங்கும். அவளைக் குறைசொல்ல யாரால் முடியும். அக்கா அவள் பெயரை அணைத்துவிட்டாள். அடுத்தது ஒரு வாட்ச்மேன், முகமில்லாத ஆளுக்கு எந்த வாசலிலும் வேலை இல்லை. அடுத்தது பரீட்சை எழுதுகிற ஒரு பெண், ஹால் டிக்கெட்டில் இருக்கிற படமும் அவளும் ஒன்றுதானென்று யார் சொல்லுவது. அடுத்தது கல்யாணம் நிச்சயமானவள், அடுத்தது கண்ணில் புரை அறுக்க வேண்டியவர். ஒவ்வொருவரிடமும் நியாயமான காரணம் இருந்தது, ஒருவர் காரணத்தைக் கேட்டு இன்னொருவருக்குத் தன் காரணம் நினைவுக்கு வந்தது, ஐந்நூறு முந்நூறாகி முந்நூறு தொண்ணூறாயிற்று.

என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சவரம். கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் கன்னத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தேன், அதற்காகத்தான் போனேன். மற்றவர்களிடம் அக்கா, நல்லா யோசிச்சியா என்று ஒரு வார்த்தை கேட்பாள். என்னிடம் அதையும் கேட்கவில்லை.

சென்னியப்பனும் தம்பியும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. புதிதாக ஒரு முகம் வெளியே வந்தால் பார்ப்பார்கள், தங்கச்சி இல்லையென்று கண்டதும் வணக்கம் சொல்லுவார்கள், அடுத்த முகத்துக்குக் காத்திருப்பார்கள், அம்மாக்கள் பேசிக்கொண்டே பட்டாணி உரிப்பதுபோல. கார்த்திகை பிறந்தபோது ஒன்பது பேர்தான் மிச்சம். அதில் ஒருத்தி தங்கநாயகி, ஒருவர் ஏகாம்பரம். ஒளிமேல் ஆசையினால் நின்றாரா வேறு எதனாலோ நின்றாரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கிற தகுதி எங்களுக்கு இல்லை. அண்ணன்கள் நாற்காலியை வாசலுக்கு உள்ளே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஒன்பதையும் எண்ணி முடிக்க இன்னும் நாலைந்து நாள் போதும் என்றிருந்தபோது, அக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். தங்கநாயகியின் ஊதாச் சேலையைக் கட்டி, தங்கநாயகியின் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கம்ப்யூட்டரில் கடைசி வரியில் தன் பெயரை அடித்து, எதிரே பத்து என்று போட்டாள்.

“நான் பஸ் ஏறினதும் மத்த ஒம்பதையும் அணைச்சிடு, அவ மூஞ்சியோட கேட்டு வழியாவே போவட்டும்,” என்றாள். “என்னோடதுல மட்டும் கைய வைக்காத. அணைஞ்சா நான் யாருன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

“உங்களோடத எப்போக்கா அணைக்கிறது?”

“போன் பண்றேன்.”

சொல்லும்போதே அவள் முகம் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதமாக எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே முகம் அது. வேண்டாம் அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பையோடு தனியாக ஒரு வெள்ளை உருவம் வேகவேகமாக வாசலைக் கடந்து போவதைக் கண்டதும் அண்ணன்கள் இருவரும் எழுந்தார்கள். அவசரப்படவில்லை. தம்பிக்காரன் அதே பஸ்ஸின் பின்படியில் ஏறிக்கொண்டான், சென்னியப்பன் காரில் பின்னால் போனார். ஜன்னலோரத்தில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது பாலம் தாண்டும்வரை தெரிந்தது. நான் மாடிக்கு ஓடி ஒன்பது பெயரையும் அணைத்தேன். தங்கநாயகி தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள், ஏகாம்பரம் அவளைத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக்கொடுத்தார்.

அக்கா போன் பண்ணவில்லை. பதினோரு மாதமாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் அவளைக் காணோமென்று எழுதிக்கொடுக்கப் போனபோது போட்டோ கேட்டார்கள், யாரிடமும் இல்லை, ஊரையே படம் எடுத்த என்னிடமும் இல்லை. எங்கோ ஒரு திருவிழாவில் ஒரு வெள்ளை உருவத்தின் முன்னால் ஜனங்கள் கற்பூரம் ஏற்றுகிற வீடியோ ஒன்று எனக்கு வந்தது, உருவத்துக்குப் பின்னால் சலவைச் சட்டையில் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. முகத்தைப் பார்க்காமல் அவர்கள் கைவைக்கமாட்டார்கள், ஆனால் அந்த விளக்கு எரிகிறவரைக்கும் அவளை விடப்போவதும் இல்லை. அணைத்தால், ஏமாந்தது தெரிந்த நிமிஷத்தில் என்ன செய்வார்கள் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. அணைத்துவிடு என்று சொல்ல தினமும் யாராவது வருவார்கள், அணைக்காதே என்று சொல்லவும் வருவார்கள். கம்ப்யூட்டர் நின்றுவிடக் கூடாதென்று எல்லோரும் சேர்ந்து இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார்கள், முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள், மூன்று மாதம் பொறுக்கமாட்டாத அதே ஆட்கள்தான்.

தங்கநாயகி மாதம் ஒருமுறை புதுப்புது நம்பரிலிருந்து கூப்பிடுவாள். அக்கா வந்துட்டாங்களா என்பாள். வந்துட்டாங்க, இப்பதான் கடைக்குப் போனாங்க என்பேன், ஒவ்வொரு மாதமும் கடைக்குத்தான் அனுப்பினேன். போன வாரம் அவள் அப்படிக் கேட்கவில்லை.

“அவங்க வெளக்கு இன்னும் எரியுதுங்களாண்ணா?”

எவ்வளவோ பொய் சொன்னவன்தான், அன்றைக்கு வாய் வரவில்லை. எரியுது என்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தமும் யாரோ பூ விற்கிற சத்தமும் கேட்டது.

“அப்ப என்னோடதையும் ஏத்துங்க,” என்றாள். “ரெண்டு ஊர்ல ரெண்டு பேரு வெள்ளையா இருந்தா, எது நான்னு அவங்களுக்குத் தெரியாதுல்லங்க.”

உனக்குப் பயமா இல்லையா என்று கேட்டேன். இருக்குதுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் பெயரை அடித்துப் பத்து என்று போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, சவரம் செய்த கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவளுக்குக் கீழே என் பெயரை அடித்து, அதற்கும் பத்து போட்டேன். எந்த ஊரில் அக்கா இருக்கிறாளோ தெரியாது, எந்த ஊருக்கும் பஸ் இருக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு, காவல்முறைக்கு வந்திருந்த குணவதியிடம் நாற்காலியை விட்டுவிட்டு, என் பெயரில் கைவைக்காதே என்று சொல்லிக் கிளம்பினேன். இடுப்பில் குழந்தையோடு அவள் கதவை மறித்து நின்றாள்.

“என் பேரையும் அடிச்சிட்டுப் போ அண்ணே.”

“குழந்தை?” என்றேன்.

“இப்ப என் குரல் அதுக்குத் தெரியும்,” என்றாள்.

திரும்பி வந்து அடித்தேன்.